சொக்கரிக்கு வேஷம் கட்டிய ஆண்கள்

1660ஆம் ஆண்டு டிசம்பரில் லண்டனில் ‘ஒத்தெல்லோ’ நாடகம் நடந்தபோது, தெஸ்திமோனாவாக மேடையேறியவர் ஒரு பெண். இதில் என்ன அதிசயம் என்று இன்று தோன்றும். ஷேக்ஸ்பியர் அந்தப் பாத்திரத்தை எழுதி அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியும், அதுவரை அந்த வேஷத்தைக் கட்டியவர்கள் மீசை முளைக்காத பையன்கள்தான். இங்கிலாந்தின் தொழில்முறை மேடையில் ஆங்கிலப் பெண் கால்வைத்தது அந்த ஆண்டில்தான்.

அதே 1660இன் ஏப்ரலில் இலங்கையின் கொட்டியாரக் குடாவில் கரையிறங்கிய ராபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கில இளைஞன் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் சிக்கினான். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்து, 1679இல் தப்பி, 1681இல் தன் புத்தகத்தை வெளியிட்டான். கண்டிக்கு அருகே எலதெத்தவில் நிலம் வாங்கி வீடு கட்டியவன், அந்த வீட்டில் பிரமசாரிகள் மட்டுமே குடியிருக்கலாம் என்று கூட்டாளிகளோடு நிபந்தனை போட்டுக்கொண்டான். கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை. பெண்களைப் பற்றி எழுத இவனுக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். ஆனாலும் 17ஆம் நூற்றாண்டுக் கண்டிப் பெண்ணைப் பற்றி அறிய நமக்கு இவனைவிட்டால் அதிகம் பேர் இல்லை.

நொக்ஸ் காட்டும் பெண்ணுக்கு இரண்டு முகங்கள். புருஷன் சாப்பிட்டு முடிக்கும்வரை நின்று பரிமாறி, மிச்சத்தை அவள் உண்கிறாள். அதே பெண் பிடிக்காத புருஷனை விட்டுவிட்டு வேறொருவனோடு வாழப் போகிறாள். ஊர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆணும் பெண்ணும் நாலைந்து கல்யாணம் செய்த பிறகே ஓரிடத்தில் நிலைப்பதாகவும், ஒருத்திக்கு இரண்டு புருஷர்கள் இருப்பது சாதாரணம் என்றும் அவன் எழுதுகிறான்.

கண்டிச் சட்ட வழக்கும் இதற்கு ஒத்துப்போகிறது. அங்கே கல்யாணம் இரண்டு வகை. ‘தீக’ முறையில் பெண் புருஷன் வீட்டுக்குப் போவாள். தகப்பன் நிலத்தில் அவளுக்கு இருந்த உரிமை போய்விடும். ‘பின்ன’ முறையில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். நிலம் பெண்ணிடமே இருக்கும். பின்ன மாப்பிள்ளையின் கதி கொஞ்சம் பரிதாபமானது. கைத்தடி, குடைப்பனை ஓலை, தீப்பந்தம் மூன்றையும் மனைவியின் அறை வாசலில் எப்போதும் தயாராக வைத்திருக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். மழையானாலும் இருட்டானாலும், உடம்புக்கு முடியாமல் கிடந்தாலும், ‘கிளம்பு’ என்று ஒரு சொல் வந்தால் கிளம்ப வேண்டியதுதான். அந்தச் சொல்லைப் பல சமயம் மாமனார் வீட்டார் சொல்லியிருப்பார்கள், உண்மைதான். இருந்தாலும் இங்கிலாந்தில் கல்யாணமான பெண் தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ள 1882 சட்டம்வரை காத்திருந்ததை நினைத்தால், கண்டிப் பெண்ணின் நிலை எவ்வளவோ மேல்.

நிஜத்தில் இப்படி நிலத்தை வைத்திருந்த, விலகிப்போக முடிந்த பெண்ணை, அதே மண்ணின் கூத்து எப்படிக் காட்டியது?

சித்திரைப் புத்தாண்டையொட்டி, அறுவடை முடிந்து களம் காலியானதும், கண்டி, மாத்தளை, ஹங்குராங்கெத்த பக்கத்துச் சிங்களக் கிராமங்களில் ‘சொக்கரி’ ஆடுவார்கள். மேடை கிடையாது, திரை கிடையாது. நெல் அடித்த வட்டக் களம்தான் அரங்கு. கெட்ட பெரய மேளம் முழங்க, பாட்டும் அபிநயமுமாக இரவு முழுவதும் கதை நகரும். வாய்வழியாகவே வந்த இந்தக் கூத்தைப் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர 1950களில் ஆராய்ந்து எழுதிய பிறகுதான் படித்தவர்கள் இதைத் திரும்பிப் பார்த்தார்கள்.

கதை இதுதான். இந்தியாவிலிருந்து குருஹாமி என்ற கிழட்டு ஆண்டிகுரு, இளம் மனைவி சொக்கரியோடும் வேலைக்காரனோடும் கப்பலேறி இலங்கைக்கு வருகிறார். வேலைக்காரனுக்குத் தனிப் பெயர்கூட இல்லை, ‘பறயா’ என்றே கூப்பிடுகிறார்கள். (கூத்து இழிவுபடுத்துவது பெண்ணை மட்டுமல்ல என்பதையும் கவனியுங்கள்.) தம்பதிக்குப் பிள்ளை இல்லை. மரம் வெட்டிக் கப்பல் கட்டுவது, கடல் கடப்பது, குடிசை போடுவது, சொக்கரி நெல் குத்துவது எல்லாம் வெறுங்கை அபிநயம். பிறகு குருஹாமியை நாய் கடிக்கிறது. மருந்து போட வந்த உள்ளூர் வைத்தியருக்குச் சொக்கரிமேல் கண்; அவளும் அவரோடு போய்விடுகிறாள். கிழவர் தேடிப் பிடித்து, அடித்துக் கூட்டிவருகிறார். முடிவில் அவளுக்குப் பிள்ளை பிறக்கிறது. யாருடைய பிள்ளை என்ற கேள்வியிலேயே களம் சிரித்துக் கிடக்கும். விவரங்கள் ஊருக்கு ஊர் மாறும், சிரிப்பு மாறாது.

சொக்கரியாக ஆடுபவர் ஆண். இடுப்பை அசைத்து நடப்பதும், வைத்தியரைக் கடைக்கண்ணால் பார்ப்பதும், அடி வாங்கி அழுவதும் ஆண்தான். பெண்கள் களத்தைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள். தம்மைப் பற்றி ஆண்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதை இரவு முழுவதும் கண்விழித்துப் பார்த்துவிட்டு, விடிந்ததும் நிஜ உலக்கையை எடுத்து நெல் குத்தப் போனார்கள்.

பெண் தாழ்ந்து கிடந்த சமூகம் அவளை மேடையிலும் தாழ்த்தியது என்று பொதுவாகச் சொல்லிவிடுவோம். கண்டியில் அந்தக் கணக்கு சரிவரவில்லை. அங்கே மனைவி போய்விடுவது உண்மையிலேயே நடக்கக்கூடியது. வாசலில் தடியும் பந்தமும் வைத்துக்கொண்டு தூங்கிய ஆண்களின் பயத்தைத்தான் சொக்கரியில் நான் பார்க்கிறேன். வீட்டில் கேட்க முடியாத கணக்கைக் களத்தில், தாங்களே பெண் வேஷம் கட்டி, தாங்களே அடித்து, தாங்களே சிரித்துத் தீர்த்துக்கொண்டார்கள்.

இன்னொரு வேடிக்கை, இந்தக் கூத்து யாருக்குக் காணிக்கை என்பது. பத்தினி தெய்வத்துக்கு! அதாவது நம் கண்ணகிக்கு. கற்பின் வலிமையால் மதுரையை எரித்தவள் முன்னால், புருஷனை விட்டு ஓடியவளின் கதை. நல்ல விளைச்சலுக்கும் பிள்ளைப்பேற்றுக்குமான சடங்கின் மிச்சம் இது என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். அது சரியாகவே இருக்கலாம். ஆனால் பத்தினிக்கான கம்மடுவ சடங்கிலும், சேலை உடுத்தித் தெய்வமாக நிற்பவர் ஆண் பூசாரியே. கற்புக்கரசியும் ஆண், ஓடிப்போனவளும் ஆண். கண்டி எசல பெரஹராவில் பெண்கள் ஆடி வருவது, நான்கு தேவாலயங்களில் கடைசியாக வரும் பத்தினி தேவாலய ஊர்வலத்தில் மட்டும்தான்.

ஆங்கிலேயர் 1815இல் கண்டியைப் பிடித்தார்கள். 1859இல் கண்டியர் திருமணச் சட்டம் போட்டு, ஒருத்திக்குப் பல புருஷர்கள் என்ற வழக்கத்தைக் குற்றமாக்கினார்கள். கல்யாணம் பதிவேட்டுக்குள் வந்தது. சொக்கரிக்கு மட்டும் எந்தச் சட்டமும் தேவைப்படவில்லை. அவள் ஆணாகவே தொடர்ந்தாள்.

மாற்றம் கண்டிக்கு அருகேயுள்ள பேராதனையிலிருந்து வந்தது. சொக்கரியை ஆராய்ந்த அதே சரச்சந்திர, தென்கரை நாடகமான ‘மனமே’யைப் பல்கலைக்கழக மாணவர்களை வைத்துப் புதிதாக உருவாக்கினார். தமிழ்க் கத்தோலிக்கக் கூத்திலிருந்து கிளைத்த வடிவம் அது. 1956 நவம்பர் 3ஆம் தேதி கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் முதல் மேடையேற்றம். பழைய ஜாதகக் கதையில் இளவரசி கெட்டவள்: வழிமறித்த திருடனைக் கண்டதும் மயங்கி, புருஷனைக் கொல்ல வாளை அவன் கையில் கொடுக்கிறாள். சரச்சந்திரவின் இளவரசியோ, தனியாளாக வந்து நேர்மையாகச் சண்டையிட்ட வேடனுக்கு உயிர்ப்பிச்சை கேட்கிறாள். இளவரசன் தயங்கும் நொடியில் வேடன் வாளைப் பறித்துவிடுகிறான். துரோகியாக இருந்தவள் மனம் உள்ளவளாக மாறினாள். அந்த வேஷத்தில் பெண்களே நடித்தார்கள்.

லண்டன் 1660இல் செய்ததைக் கண்டி மிகத் தாமதமாகச் செய்தது என்று முடித்துவிடலாமா? கூடாது. லண்டன் மாற்றியது நடிப்பவரை. தெஸ்திமோனா அதற்குப் பிறகும் ஒவ்வொரு இரவும் சந்தேகத்துக்குப் பலியாகிச் செத்தாள். பேராதனையில் கதையையே திருத்தினார்கள். எனக்கு இதுவே பெரிய காரியமாகப் படுகிறது.

இந்த மலைகளில் இன்னொரு கூத்தும் உண்டு. கலஹா, புசல்லாவ, தெல்தோட்டைத் தோட்டங்களில் மாசி மாதம் காமன் கம்பம் நட்டு ஆடும் நம்மவர்களின் காமன் கூத்து. அதில் ரதியாக வருபவரும் பரம்பரையாக ஆண்தான். பகலெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு இரவில் அந்த ரதியைப் பார்க்க வந்த பெண்களுக்கு, ஆண்களுக்குச் சமமான நாட்சம்பளம் கிடைத்தது 1984இல்தான். அவர்களைப் பற்றி அடுத்த வாரம்.