தீச்சட்டி முதல் வெப்பக் கருவி வரை: வட கரோலினாவின் இரவு வேட்டைச் சட்டங்கள், ஒரு மறுவாசிப்பு

அமெரிக்க வேட்டைச் சட்டங்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் ஜான் ரைகரைத் தொடாமல் போக முடியாது. 1975இல் வந்த 'அமெரிக்கன் ஸ்போர்ட்ஸ்மென் அண்ட் தி ஆரிஜின்ஸ் ஆஃப் கன்சர்வேஷன்' நூலில் அவர் முன்வைத்த வாதம் இது: அந்நாட்டில் கானுயிர்ப் பாதுகாப்பு முளைவிட்டது அறிவியலாளர்களிடமோ அரசிடமோ அல்ல, பொழுதுபோக்காக வேட்டையாடிய கனவான்கள் தங்களுக்குள் வகுத்துக்கொண்ட நெறியில்தான். விலங்குக்குத் தப்பிக்க வாய்ப்புக் கொடு, வேட்டையாடுகிறவனுக்கு முறையற்ற அனுகூலம் கூடாது என்பது அந்த நெறியின் சாரம். இந்த வாசிப்பை இரவு வேட்டைக்கும் நீட்டினால், விளக்குக்கு விதித்த தடையும் இன்று வெப்பப் படக்கருவிக்கு விதிக்கும் தடையும் அதே நெறியின் கிளைகளாகிவிடும். பலரும் அப்படித்தான் நீட்டுகிறார்கள். இரவு வேட்டையைப் பொறுத்தவரை இது பொருந்தவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ரைகருக்குரிய மதிப்பை முதலில் கொடுத்துவிட வேண்டும். 'ஃபாரஸ்ட் அண்ட் ஸ்ட்ரீம்' இதழையும் அதன் ஆசிரியர் ஜார்ஜ் பேர்ட் கிரின்னலையும் தியடோர் ரூஸ்வெல்ட்டையும் அவர் ஒரே இழையில் கோத்த விதம் இன்றும் அசைக்க முடியாதது. 1887இல் தோன்றிய பூன் அண்ட் கிராக்கெட் சங்கம், முறையான வேட்டையில் சேராதவை என்று ஒதுக்கியவற்றுள் நெருப்பொளி வேட்டையும் ஒன்று. இந்த இடத்தில் ரைகரின் சான்று வலுவானது. ஆனால் அது ஒரு சங்கம் தன் உறுப்பினர்களுக்கு விதித்த விதி. நெருப்பொளி வேட்டையை ஒரு மாநிலத்தின் சட்டம் குற்றமாக்கியது அதற்கு நூறாண்டுக்கு முன்பு, முற்றிலும் வேறொரு காரணத்துக்காக.

1784இல் வட கரோலினா சட்டமன்றம் இயற்றிய சட்டம் இரவில் நெருப்பொளியில் துப்பாக்கியால் வேட்டையாடுவதைத் தடுப்பது. அதன் முகப்புரையில் மானுக்காக இரங்கும் ஒரு சொல்கூட இல்லை. இரவில் மான் வேட்டை என்ற சாக்கில் பலர் குதிரைகளையும் மாடுகளையும் கொல்கிறார்கள், உடைமையாளர்களுக்கு இழப்பு நேர்கிறது என்பதுதான் அது சொல்லும் காரணம்.

இதன் பொருள் விளங்க அக்காலக் காட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். மாடும் குதிரையும் பன்றியும் வேலிக்குள் வளரவில்லை. காதில் வெட்டிய குறியோ உடலில் சூடுபோட்ட குறியோ தாங்கிக் காட்டில் திரிந்தன. வேட்டைக்காரர் நீண்ட கைப்பிடி கொண்ட இரும்புச் சட்டியில் பைன் மரச் சிராய்களை எரியவிட்டுத் தோளுக்குப் பின்னால் தாங்கிச் செல்வார். ஒளி அவருக்குப் பின்னாலிருந்து முன்னே விழும். எதிரே புதருக்குள் இரண்டு கண்கள் மின்னும். விழித்திரைக்குப் பின்னுள்ள படலம் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் வரும் மின்னல் அது. மானுக்கு அந்தப் படலம் உண்டு. மாட்டுக்கும் குதிரைக்கும் உண்டு. துப்பாக்கி குறிவைத்தது அந்த இரு புள்ளிகளையே, பின்னாலிருந்த உடலை அல்ல.

முகப்புரை 'தவறுதலாக' என்று சொல்லாமல் 'சாக்கில்' என்று சொல்வதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். சட்டமியற்றியவர்களின் சந்தேகம் கண்பிழை மீது மட்டுமல்ல, களவின் மீதும்தான். மாட்டைச் சுட்டவர் மான் என்று நினைத்தேன் என்றால் இல்லை என்று நிறுவ யாரால் முடியும்? இருட்டில் பிழையையும் களவையும் பிரித்தறிய வழியில்லை. ஆகவே சட்டம் விளைவை விட்டுவிட்டுச் செயலையே தடுத்தது. இச்சட்டத்தை வேட்டை நெறியின் வரலாற்றில் வைப்பதைவிடச் சாட்சியத்தின் வரலாற்றில் வைப்பதே பொருந்தும்.

ஒரு மாநிலத்தின் ஒரு சட்டத்தை வைத்து இவ்வளவு சொல்லலாமா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. இதற்கு முந்தைய குடியேற்றக் காலச் சான்றுகளைப் பயன்படுத்துவதில் சிக்கலும் இருக்கிறது: 1705இல் ராபர்ட் பெவர்லி வர்ஜீனியாவைப் பற்றி எழுதியபோது 'நெருப்பு வேட்டை' என்ற அதே பெயரால் சுட்டியது, காட்டை வட்டமாக எரித்து நடுவில் விலங்குகளை வளைக்கும் பழங்குடி முறையை. எனவே பழைய குறிப்பு ஒன்றில் இச்சொல் வந்தால் அது சட்டி நெருப்பா, காட்டுத் தீயா என்று உறுதியாகச் சொல்ல இயலாது. தீச்சட்டித் தடை எந்த ஆண்டில் தொடங்கியது என்பதை நான் திறந்தே விடுகிறேன். 1784இல் ஐயமில்லை, அந்தச் சட்டம் இரவையும் துப்பாக்கியையும் நெருப்பொளியையும் சேர்த்தே பேசுகிறது.

ரைகரின் வாசிப்புக்கு இன்னொரு இடர் அவருடைய கனவான்களிடமிருந்தே வருகிறது. நியூயார்க் மாநிலத்தின் அடிரோண்டாக் ஏரிகளில், படகின் முன்முனையில் விளக்கேற்றி நீர் குடிக்க வரும் மானைச் சுடும் வழக்கம் இருந்தது. துடுப்புப் போட்டவர் உள்ளூர் வழிகாட்டி. சுட்டவர் பெரும்பாலும் நகரத்திலிருந்து வந்த வசதி படைத்த விருந்தினர். அப்பகுதியைப் புகழ்பெறச் செய்த வில்லியம் முர்ரேயின் 1869ஆம் ஆண்டு நூலில், மூடுபனி இரவொன்றில் நடந்த விளக்கு வேட்டைக்கென்றே தனி அத்தியாயம் உண்டு. எழுதியவர் ஒரு பாதிரியார். 1897இல் நியூயார்க் விளக்கு வேட்டையையும் நாய்களை ஏவி மானை விரட்டுவதையும் சேர்த்துத் தடைசெய்தபோது, கனவான்கள் ஒரே பக்கம் நிற்கவில்லை. வரலாற்றாசிரியர் கார்ல் ஜேகபி 2001இல் இதே அடிரோண்டாக்கை உள்ளூர் மக்களின் பக்கமிருந்து எழுதினார். அவர் காட்டும் காட்டில் நெறியைவிட அதிகாரமே முன்னுக்கு வருகிறது. நான் அவரோடு பெருமளவு உடன்படுகிறேன். என் கேள்வி மட்டும் வேறு.

விளக்கு தன்னளவில் பழிக்குரியதாகவும் இருக்கவில்லை. ஜார்ஜ் ஷைராஸ் மிச்சிகனில் அதே படகு விளக்கு முறையில், துப்பாக்கி இருந்த இடத்தில் கேமராவை வைத்து இரவில் மான்களைப் படமெடுத்தார். 1906 ஜூலை 'நேஷனல் ஜியாகிரஃபிக்' அவருடைய 74 படங்களை வெளியிட்டது. யாருக்கும் இழப்பில்லை, யாரும் தடுக்கவுமில்லை.

வெப்பப் படக்கருவிக்கு வருவோம். அது ஒளியைப் பாய்ச்சுவதில்லை. உடல் வெளியிடும் 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரையிலான அகச்சிவப்புக் கதிரை ஜெர்மானியம் லென்ஸ் வழியே வாங்கி, வெப்ப வேறுபாட்டைப் படமாக்குகிறது. அமெரிக்க ராணுவத்துக்காக வளர்ந்த, குளிரூட்டல் தேவைப்படாத உணரிகள் 1990களில் ரகசியப் பட்டியலிலிருந்து வெளிவந்த பிறகே இது வேட்டைக்காரர் கைக்கு எட்டும் வழி திறந்தது. 1958இல் ஜான் ஜான்சன் ராணுவ இரவுக் கருவிகளுக்காக ஒரு அளவுகோலை வகுத்தார். ஏதோ இருக்கிறது என்று கண்டுகொள்ள இலக்கின் குறுகிய பக்கத்தில் ஒரு கோட்டிணை (அடுத்தடுத்த கறுப்பு, வெள்ளைக் கோடுகள்) பிரிந்து தெரிந்தால் போதும். அது இன்னது என்று அடையாளம் காண 6.4 வேண்டும். அதிலும் இரண்டில் ஒரு தடவைதான் சரியாக இருக்கும்.

இதை ஒரு சாதாரணத் தெர்மல் ஸ்கோப்புக்குப் பொருத்திக் கணக்கிட்டேன். உணரியின் புள்ளி 12 மைக்ரோமீட்டர், லென்ஸ் 35 மில்லிமீட்டர், எதிரே அரை மீட்டர் உயரமுள்ள கோயோட்டி என்ற காட்டு நாயினம். ஏறத்தாழ 730 மீட்டரில் வெள்ளைப் பொட்டாக அது தெரியத் தொடங்கும். கோயோட்டிதான், பக்கத்துப் பண்ணையின் நாய் அல்ல என்று சொல்ல 115 மீட்டருக்குள் வர வேண்டும். இடைப்பட்ட 600 மீட்டருக்கு மேற்பட்ட தொலைவில் வேட்டைக்காரர் கையில் இருப்பது இலக்கு மட்டுமே, அதன் பெயர் இல்லை. 1784இன் மின்னும் கண்கள் இருந்த அதே இடம் அது.

சாட்சியமும் இங்கே மாறுகிறது. வட கரோலினாவின் இன்றைய சட்டத்தில், மான் நடமாடும் பகுதியில் இரவில் செயற்கை விளக்கை அடித்தவரிடம் துப்பாக்கியும் இருந்தால், மறுத்து நிறுவப்படும்வரை அதுவே மான் வேட்டைக்கு ஆதாரம். விளக்கு வேட்டைக்காரருக்கு மானைக் காட்டியது. வனக்காவலருக்கு வேட்டைக்காரரைக் காட்டியது. வெப்பக் கருவி ஒருபக்கம் மட்டுமே பார்க்கிறது. முறையற்ற அனுகூலம் என்று பூன் அண்ட் கிராக்கெட் சங்கம் சொல்வது விலங்கின் மீதான அனுகூலத்தை. அதனால்தான் வெப்பக் கருவியால் வீழ்த்திய விலங்கைத் தன் பதிவேட்டில் அது ஏற்பதில்லை. எனக்கு அதைவிடக் கவலை தருவது காவலர் மீதான அனுகூலம்.

இன்றைய அனுமதிகளையும் கனவான்களின் நெறி விளக்காது. டெக்சாஸில் தனியார் நிலத்தில் காட்டுப்பன்றியை இரவில் வெப்பக் கருவியோடு சுடலாம். மிசூரி 2020இல் கோயோட்டிக்கு, ஆண்டில் பிப்ரவரி, மார்ச் மாதங்களுக்கு மட்டும் அதை அனுமதித்தது. சங்கத்தின் நெறி வட அமெரிக்காவுக்கே உரிய பெருவிலங்குகளைப் பற்றியது. பன்றி வந்தேறி, கோயோட்டி அந்தப் பட்டியலில் இல்லை. இரண்டையும் குறித்து நெறி மௌனம். பேசியது பயிரையும் கன்றையும் இழந்த விவசாயி. 1784இல் இரவைப் பூட்டியது உடைமையாளரின் இழப்பு. இப்போது திறப்பதும் அதே.

இந்தத் தொடர்ச்சி நேரடி மரபு என்று நான் நிறுவவில்லை. 1784இன் முகப்புரையைப் பிற்காலச் சட்டமியற்றியவர்கள் படித்தார்கள் என்பதற்கு என்னிடம் சான்று இல்லை. ஆனால் அதே மாநிலத்தில் அதே கேள்வி திரும்பியது. 1987இல் அலிகேட்டர் ரிவர் காப்பகத்தில் செந்நிற ஓநாய்கள் மீண்டும் காட்டுக்கு விடப்பட்டன. அவை கோயோட்டியிலிருந்து பிரித்தறியக் கடினமானவை. 2012இல் மாநிலம் கோயோட்டியை இரவில் விளக்கோடு வேட்டையாட அனுமதித்தது. பாதுகாப்பு அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. ஓநாயைச் சுட்டவர் கோயோட்டி என்று நினைத்தேன் என்றால் வழக்கு நிற்பது அரிது. அது இன்ன விலங்கு என்று தெரிந்தே சுட்டார் என நிறுவ முடிந்தால்தான் வழக்கு என்பது, மான்டானா ஓநாய் வழக்கு ஒன்றுக்குப் பிறகு கூட்டரசு நீதி அமைச்சகம் கைக்கொண்ட கொள்கை. 'சாக்கு' என்ற 1784இன் சந்தேகத்துக்கு இதைவிட நெருங்கிய இணையை நான் கண்டதில்லை.

2014 மே மாதம் கூட்டரசு நீதிமன்றம் ஓநாய் வாழும் ஐந்து கவுண்டிகளில் கோயோட்டி வேட்டையை நிறுத்தியது. இரவை மட்டுமல்ல, பகலையும் சேர்த்து. இது என் வாதத்துக்கு இடையூறு என்பதை மறைக்கவில்லை: பகலொளியிலும் கண் ஏமாறுமென்றால், இரவுக்குத் தனிச் சட்டம் ஏன்? அந்த ஆண்டு நவம்பர் உடன்பாடு ஒரு பகுதி விடை தருகிறது. தனியார் நிலத்தில் பகலில் அனுமதிச் சீட்டோடு சுடலாம். சுட்டதைத் தெரிவிக்க வேண்டும். இரவு வேட்டைக்கு அந்த ஐந்து கவுண்டிகளிலும் தடை நீடித்தது.