சத்தம் போடாத தேய்மானம்

போன வாரம் பழனியில இருந்து கொடைக்கானல் ஏறினோம். பெருமாள்மலை வரைக்கும் வளைவுக்கு மேல வளைவு, வண்டி செகண்ட் கியர்ல முக்குது. அப்பா சொன்னார், "தொண்ணூறுகள்ல அம்பாசடர்ல ஏறின ரோடுடா இது." அந்த அம்பாசடர் குடிச்ச பெட்ரோல்ல ஈயம் இருந்துச்சு. இன்னைக்கு அந்தக் கதைதான்.

1921. ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்துல தாமஸ் மிட்ஜ்லி, இன்ஜின் 'நாக்கிங்' நிக்கறதுக்கு பெட்ரோல்ல ஈயச் சேர்மம் கலந்தார். 1924ல நியூஜெர்சியில அதைத் தயாரிச்ச ஆலையில 5 தொழிலாளர்கள் செத்துப்போனாங்க. விற்பனை கொஞ்ச காலம் நின்னுச்சு, ஆனா மறுபடியும் தொடங்கிடுச்சு.

ஆனா அந்த ஈயம் யாரும் கேட்காத இன்னொரு வேலையும் செஞ்சது. நிமிஷத்துக்கு 3,000 சுற்று ஓடுற இன்ஜின்ல, கொதிக்கிற எக்ஸாஸ்ட் வால்வு 1,500 தடவை தன் சீட்ல வந்து உட்காரும். ஈயம் எரிஞ்சு படிஞ்ச படலம் நடுவுல மெத்தை மாதிரி இருந்துச்சு. அதை எடுத்துட்டா இரும்போட இரும்பு ஒட்டிப் பிய்யும், சீட் தேயும், வால்வு ஹெட்டுக்குள்ள புதையும். மலையேற்றம் மாதிரி முழு பாரத்துல ஓடும்போதுதான் இது வேகமா நடக்கும்.

இங்கதான் விஷயமே. ராக்கர் தேய்ஞ்சா கேப் கூடும், "டேப்பெட் அடிக்குது"ன்னு மெக்கானிக் கண்டுபிடிச்சிடுவார். சீட் தேய்ஞ்சா கேப் குறையும். அதனால சத்தமும் குறையும்! இன்ஜின் 'ஸ்மூத்'தா இருக்குன்னு நாம நினைச்சிட்டிருக்கும்போதே வால்வு முழுசா மூடாம, கம்ப்ரெஷன் போய், கருகிடும்.

அதனால காதை நம்பாம அளந்து பார்த்தாங்க. 1980கள்ல அமெரிக்க அரசு, பழைய டிராக்டர் இன்ஜின்களை ஈயமில்லாத பெட்ரோல்ல மணிக்கணக்கா ஓட்டிச் சோதிச்சது. அதிக வேகம், அதிக பாரத்துல சாதா வார்ப்பிரும்பு சீட் தேய்ஞ்சது. கெட்டியான உலோக வளையம் போட்ட சீட் ரொம்ப நல்லா தாங்குச்சு. ஆக, இன்ஜினுக்கு வழி இருந்தது. குழந்தைகளோட மூளைக்கு அப்படி மாத்து வளையம் கிடையாது.

இந்தியாவுல 1995 ஏப்ரல்ல சென்னை உட்பட 4 பெருநகரங்களுக்கு ஈயமில்லாத பெட்ரோல் வந்துச்சு. 2000 பிப்ரவரியில நாடு முழுக்க, பழனி பங்க்கு வரைக்கும். உலகத்துல கடைசியா அல்ஜீரியா நிறுத்தினது 2021 ஜூலையில. கிட்டத்தட்ட நூறு வருஷம்!

என் வேலையிலயும் இதைப் பார்த்திருக்கேன். எங்கயும் எழுதி வைக்காத ஒரு டிபென்டென்சி இருக்கும், அதை எடுத்த அப்புறம்தான் எது அதை நம்பி ஓடுச்சுன்னு தெரியும். அதுக்குப் பயந்து விஷத்தை உள்ளேயே விட்டுவைக்கக் கூடாது. எடுக்கணும், அளக்கணும், சரிபண்ணணும்.

வீட்ல பழைய வண்டி இருக்கா? டேப்பெட் சத்தம் தானா குறைஞ்சா சந்தோஷப்படாதீங்க. ஃபீலர் கேஜ் வெச்சு கேப்பை அளக்கச் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!