துணியிலும் காகிதத்திலும் முடி சுருட்டிய வரலாறு

நேரான தலைமுடியை ஈரமாக்கி, துணிக்கீற்றிலோ காகிதத்திலோ சுற்றிக் கட்டி, உலர்ந்தபின் அவிழ்த்துச் சுருளாக்குவது 18, 19ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய, அமெரிக்க வீடுகளில் பரவலாக இருந்த வழக்கமாகும். சூடான இரும்போ வேதிக் கரைசலோ இதற்கு வேண்டியதில்லை. தண்ணீர், பழந்துணி, ஓர் இரவு ஆகியவை போதும்.

செய்முறை

ஈரமுடியைச் சிறு கற்றைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நுனியையும் துணிக்கீற்றின் நடுவில் வைத்து உச்சந்தலை வரை சுருட்டுவார்கள். பிறகு துணியின் இரு முனைகளையும் முடிச்சிடுவார்கள். சுருள் நெடுநேரம் நிற்க ஆளிவிதைக் கூழோ சர்க்கரைத் தண்ணீரோ தடவுவதும் உண்டு. காலையில் அவிழ்க்கும்போது முடி முற்றிலும் உலர்ந்திருக்க வேண்டும். சற்று ஈரம் இருந்தாலும் இரவு முழுவதும் முடிச்சுகளின் மேல் படுத்த பாடு வீண்தான்.

ஒளித்துச் செய்த அலங்காரம்

பலரும் இதை வெளியே சொல்லவில்லை. கவிஞர் பைரனின் சுருள்முடி இயற்கையானது என்றே அவருடைய நண்பர் ஸ்குரோப் டேவிஸ் நம்பியிருந்தார். ஒருநாள் படுக்கையறைக்குள் நுழைந்தவர், தலை நிறையக் காகிதச் சுருள்களோடு பைரன் படுத்திருப்பதைக் கண்டதாகக் கேப்டன் கிரோனோவின் நினைவுக்குறிப்புகள் கூறுகின்றன. ஜேன் ஆஸ்டினுக்கு அந்தத் தொல்லை இல்லை. நெற்றியோர முடி தானே சுருள்வதால் காகிதம் தேவைப்படவில்லை என்று 1798இல் அக்காவுக்கு எழுதினார்.

1847இல் வெளிவந்த 'ஜேன் ஐர்' நாவலில் இதே சுருள் கொடுமைக்குக் காரணமாகிறது. அனாதைப் பள்ளி மாணவி ஒருத்தியின் சுருள்முடி ஆடம்பரம் எனக் கருதப்படுகிறது. அது பிறவியிலேயே அப்படித்தான் என்று ஆசிரியை சொல்லியும், வெட்டி எறிய ஆணையிடுகிறார் பொறுப்பாளர் பிராக்கிள்ஹர்ஸ்ட். சற்று நேரத்தில் அங்கே வந்து நிற்கும் அவருடைய மகள்களின் முடியோ நுணுக்கமாகச் சுருட்டப்பட்டது. மனைவி அணிந்திருப்பது பொய்ச்சுருள்.

இரும்பும் இயந்திரமும்

இரவு முழுவதும் காத்திருக்க இயலாதவர்கள் இடுக்கியைச் சூடாக்கினார்கள். 'லிட்டில் விமன்' நாவலில் விருந்துக்குப் புறப்படும் மெக்கின் நெற்றிமுடியை அப்படித்தான் தங்கை ஜோ கருக்கிவிடுகிறாள். 1870களில் பாரிஸின் மார்செல் கிராத்தோ சூடான இடுக்கியால் அலை அலையாக முடியமைத்துப் புகழ்பெற்றார். ஜெர்மானியரான கார்ல் நெஸ்லர் நிரந்தரச் சுருளுக்கான முறையை 1905இல் லண்டனில் செய்து காட்டினார். அதற்கு முந்தைய சோதனைகளில் அவருடைய மனைவி காத்தரீனாவின் முடி எரிந்தது, தலைத்தோலும் புண்ணானது.

சுருள் கலைவது ஏன்?

முடி கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அதன் இழைகளைப் பிணைப்பவற்றுள் ஹைட்ரஜன் பிணைப்புகள் வலுக்குறைந்தவை. நீர் பட்டால் அவை விடுபடும். உலரும்போது முடி இருக்கும் வடிவத்திலேயே மீண்டும் இணையும். ஈரத்தலையைப் பின்னி மறுநாள் அவிழ்த்தால் நெளிவு தெரிவது இதனால்தான். மழையோ வியர்வையோ பட்டால் பழைய நேர்முடி திரும்பிவிடும். நிரந்தரச் சுருளுக்கான கரைசல்களோ வலுவான இருசல்பைடு பிணைப்புகளையே உடைக்கின்றன. துணிச்சுருளின் குறை எதுவோ அதுவே அதன் பாதுகாப்பும் ஆகும். நனைத்தால் போய்விடுவது முடிக்குள் எதையும் கெடுத்திருக்காது. ஈரமான கம்பளியும் முடியும் இழுபடும்போது அவற்றின் மூலக்கூறு அமைப்பு மாறுவதை, 1930களின் தொடக்கத்தில் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஆஸ்ட்பரி எக்ஸ் கதிர்ப் படங்களால் ஆராய்ந்தார்.

ஊசிச் சுருள்

20ஆம் நூற்றாண்டில் துணியின் இடத்தைக் கொண்டை ஊசி பிடித்தது. ஈரக்கற்றையை விரலில் வளையமாகச் சுற்றித் தலையோடு சேர்த்துக் குத்துவது இம்முறை. குழந்தை நடிகை ஷெர்லி டெம்பிளுக்கு அவருடைய தாய் கெர்ட்ரூட் இட்ட சுருள்கள் 56. இரண்டாம் உலகப்போரில் எஃகு போர்த்தளவாடங்களுக்குச் சென்றதால் அமெரிக்காவில் ஊசிகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது.

2020க்குப் பின் சமூக ஊடகக் காணொளிகள் வழியாக இது மீண்டும் பரவியது. இப்போது முடியைச் சுற்றுவது குளியல் அங்கியின் இடைக்கச்சையிலோ கடையில் வாங்கிய பட்டுத்துணி உருளையிலோதான்.