பூட்டிய அறைக்குள் பிபிசி மைக்ரோ

ஸ்மார்ட் கிளாஸ் விளம்பரம் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பழைய கதை ஞாபகம் வரும். 1984ல் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தின் பெயரும் 'கிளாஸ்'தான். தேர்ந்தெடுத்த பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கணினி கொடுத்தார்கள். நினைவகம் வெறும் 32 கிலோபைட். ஆனா சுவிட்சைப் போட்டதுமே பேசிக் மொழியில் நிரல் எழுதலாம்.

பிரிட்டனில் அது தனியாக வரவில்லை. 1982 ஜனவரியில் தொடங்கிய பிபிசி தொலைக்காட்சித் தொடரும் கூடவே சொல்லிக்கொடுத்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் படித்த பள்ளியிலும் ஒன்று இருந்தது. பயிற்சி பெற்ற ஒரே ஆசிரியர் மாற்றலாகிப் போனதும் அறையைப் பூட்டிவிட்டார்கள். ஜன்னல் வழியே அதன் உறையை மட்டும்தான் பார்த்தோம்.

புதுத் திரை மாட்டும் பள்ளிகளிடம் நான் கேட்பது ஒன்றுதான்: யாருங்க சொல்லித்தரப் போறது?