பழனி மலைத்தொடரில் சரிவு அபாயத்தை மதிப்பிட்ட முறைகள்: ஒரு வரலாற்று நோக்கு

மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கு நோக்கிக் கிளைத்து நீளும் பழனி மலைத்தொடர், வந்தரவு முகட்டில் 2,500 மீட்டரைத் தாண்டி உயர்ந்தபோதிலும், பனிக்காலத்து விடியலில் கொடைக்கானல் ஏரிக்கரைப் புல்லில் படியும் உறைபனிக்கு மேல் பனி அறியாத மலையாகும். ஆயினும், இமயத்திலும் ஆல்ப்ஸிலும் குளிர்காலம் முடியும் தறுவாயில் நிகழும் ஈரப்பனிச் சரிவுக்கும், இம்மலையில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நிகழும் மண்சரிவுக்கும் அடிப்படைக் காரணம் ஒன்றே. அங்கே உருகிய நீர் பனியடுக்குகளுக்குள் இறங்கி, வலுவற்ற அடுக்கொன்றில் தேங்கி, மேலடுக்கின் பிடிப்பைத் தளர்த்துகிறது. இங்கே மழைநீர், சிதைந்த சார்னோகைட் பாறையின்மேல் கனமாகப் படிந்துள்ள களிமண்ணுக்குள் இறங்கி, மண்துகள்களின் இடைவெளியில் அழுத்தத்தை உயர்த்தி (இது துளைநீர் அழுத்தம் எனப்படும்), அத்துகள்களுக்கு இடையிலான உராய்வைக் குறைக்கிறது. வேறுபாடு காரணத்தில் இல்லை. கேட்கப்பட்ட கேள்வியில் உள்ளது. பனிச்சறுக்குக்குச் செல்பவர் ‘இன்று, இச்சரிவில், இந்த நேரத்தில் போகலாமா’ என்று கேட்டார். பழனி மலையிலோ ‘எந்த இடம் சரியும்’ என்ற கேள்வியே நெடுங்காலம் முதன்மை பெற்றிருந்தது.

லெப்டினன்ட் வார்டு 1821இல் இம்மலையை அளந்தபோதும், 1845இல் அமெரிக்க மறைப்பணியாளர்கள் கொடைக்கானலில் குடியேறியபோதும் மேலேறும் வழி குதிரைத் தடமும் நடைபாதையுமாகவே இருந்தது. சமவெளியில் ரயில்பாதை 1875இல் அமைந்து பயணிகள் பெருகிய பின்னரும், அடிவாரத்துக் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பிலிருந்து செண்பகனூருக்கு டோலியிலும் கால்நடையாகவும் ஏறும் கூலிகாட் வழியே வழக்கில் நீடித்தது. சரிவு ஓரிடத்தைத் தின்றுவிட்டால் நடைபாதையைச் சற்று மேலேயோ கீழேயோ மாற்றிக்கொள்ளலாம். ஆகவே சரிவு பயணத்தை மறித்ததே தவிர, ஆராயத்தக்க பொருளாகவில்லை. மேஜர் லாவின் பெயரால் வழங்கும் வண்டிச்சாலை 20ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில் பயன்பாட்டுக்கு வந்தபோதுதான் நிலைமை மாறியது. வண்டிச்சாலைக்கு ஏற்றம் சீராக இருக்க வேண்டும். அதற்காக மலையின் பக்கவாட்டை வெட்டி, கொண்டை ஊசி வளைவுகளை அமைத்து, ஓடைகளைச் சிறுபாலங்களின் கீழ்த் திருப்பிவிட வேண்டியிருந்தது. இவ்வாறு வெட்டப்பட்ட சரிவு அடித்தாங்கலை இழந்தது; அடைபட்ட சிறுபாலமோ சாலையையே ஓடையாக்கியது. இதன்பின் சரிவு பற்றிய அறிவு பொறியாளரின் அறிவாயிற்று. எனினும் அது இடிந்த இடத்தில் தடுப்புச்சுவர் எழுப்பும் அளவில் நின்றது என்றே கூற வேண்டும்.

சரிவைத் தூண்டும் மழையின் கணக்கும் இக்குறையை நீக்கவில்லை. 1899இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் வானாய்வகம் சூரிய ஆய்வுக்காகவே புகழ்பெற்றதாயினும், வானிலை அளவீடுகளையும் மேற்கொண்டது. ஆனால், முகட்டில் நிற்கும் மழைமானியின் கணக்கு, பெருமாள்மலைக்குக் கீழுள்ள வளைவொன்றில் அன்றிரவு பெய்ததைச் சொல்லிவிடாது. கீழ்மலையின் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பகுதிகளுக்கும் மேல்மலையின் பூம்பாறை, மன்னவனூர் பகுதிகளுக்கும் மழை ஒரே நாளில்கூட ஒத்துப் பெய்வதில்லை.

தமிழகத்தில் சரிவு முறையான ஆய்வுப்பொருளானது நீலகிரியில் 1978, 1979ஆம் ஆண்டுகளின் பெருமழைச் சரிவுகளுக்குப் பின்னரே. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை அவற்றை ஆராய்ந்து 1982இல் தனிநூலாக வெளியிட்டது. அடுத்த பெரும் நகர்வு, ரூர்க்கியைச் சேர்ந்த ஆர். அன்பழகன் 1992இல் வெளியிட்ட மதிப்பெண் முறையாகும். பாறைவகை, பாறை அமைப்பு, சரிவின் சாய்வு, நிலப்பயன்பாடு ஆகிய நான்குக்கும் தலா 2, உயர வேறுபாட்டுக்கு 1, நிலத்தடிநீர் நிலைக்கு 1 எனப் பத்து மதிப்பெண் வகுத்து, கூட்டுத்தொகை 3.5க்குக் கீழிருந்தால் மிகக் குறைந்த அபாயம், 7.5ஐத் தாண்டினால் மிக உயர்ந்த அபாயம் என ஐந்து மண்டலங்களாக அவர் பிரித்தார். இந்தியத் தரநிர்ணய அமைவனம் 1998இல் வெளியிட்ட வழிகாட்டி இம்முறையைத் தழுவியதே.

இம்முறையின் நன்மை, களத்தில் நிற்பவர் பெரிய கருவி ஏதுமின்றிப் பயன்படுத்தத்தக்கது என்பது. நிலத்தடிநீருக்கான ஒரு மதிப்பெண்ணும் கண்ணால் காண்பதைக் கொண்டே இடப்படுகிறது: சரிவின் முகம் உலர்ந்திருந்தால் சுழியம், நீர் சொட்டினால் 0.8, ஒழுகினால் முழு மதிப்பெண். ஆயின் சரிவை உடனடியாகத் தூண்டும் மழை இக்கணக்கில் இல்லை. கோடையில் அளந்தவரும் கார்த்திகையில் அளந்தவரும் ஒரே சரிவுக்கு வெவ்வேறு எண்ணைப் பெறக்கூடும். நிலப்பயன்பாட்டு மதிப்பெண்ணோ பழனி மலைக்கு இன்னும் இடர்ப்பாடானது. அடர்ந்த காடு என்ற ஒரே தலைப்பின்கீழ்ச் சோலைக்காடும், புல்வெளிகளின்மேல் நடப்பட்ட சீகை, பைன், யூகலிப்டஸ் தோப்புகளும் ஒன்றாக அடங்கிவிடுகின்றன. பல்லடுக்கு வேர்கள் பின்னிய சோலையையும் ஒரே வயதுடைய தோப்பையும் சமமாக எண்ணுவது மலையை அறிந்தவர் ஏற்கும் முடிவன்று.

பனிச்சரிவியல் எதிர்த்திசையிலிருந்து வளர்ந்தது. இராணுவத் தேவையை முன்னிட்டு இந்தியா 1969இல் பனி மற்றும் பனிச்சரிவு ஆய்வு நிறுவனத்தைத் தோற்றுவித்தது. ஐரோப்பிய நாடுகள் 1993இல் ஐந்து படிநிலை கொண்ட பொது அபாய அளவுகோலை ஏற்றன. அன்பழகனின் மண்டலங்களும் ஐந்து, இப்படிநிலைகளும் ஐந்து. ஆனால் முன்னது ஆண்டுக்கணக்கில் மாறாத வரைபடம், பின்னது நாள்தோறும் திருத்தப்படும் அறிவிப்பு. வேனில் தொடக்கத்தில் ஒரே சரிவு, இரவில் உறைந்து இறுகியதால் காலையில் கடக்கத்தக்கதாகவும், வெயிலேறி இளகிய பிற்பகலில் தவிர்க்கத்தக்கதாகவும் கொள்ளப்படுகிறது.

நிலச்சரிவியலில் நேரத்தைக் கணிக்கும் முயற்சி, நெல் கெய்ன் 1980இல் மழையின் செறிவையும் கால அளவையும் இணைத்து வகுத்த வரம்புக்கோட்டால் வலுப்பெற்றது. அக்கோட்டைத் தாண்டும் மழை சரிவைத் தூண்டவல்லது என்பது அதன் பொருள். இந்தியாவில் 2014இல் தொடங்கிய தேசிய நிலச்சரிவு ஏதுநிலை வரைபடத் திட்டம் இடத்தையே கூறியது. டார்ஜிலிங், நீலகிரி ஆகிய இரு மலைப்பகுதிகளில் பிரித்தானியப் புவியியல் நிறுவனத்தின் துணையுடன் மழைவழி முன்னறிவிப்பு சோதிக்கப்பட்டு, 2024 ஜூலையில் கொல்கத்தாவில் தேசிய நிலச்சரிவு முன்னறிவிப்பு மையம் தொடங்கப்பட்டது. அம்மாத இறுதியிலேயே கேரளத்து வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை ஊர்கள் நிலச்சரிவில் புதையுண்டன.

அதே ஆண்டு செப்டம்பரில் கொடைக்கானல் மேல்மலையின் கிளாவரைப் பகுதியில், குழாயில் தண்ணீர் வராததன் காரணத்தைத் தேடி நீர்வரத்து ஓடைக்குச் சென்ற ஊர்மக்கள், காட்டுக்குள் நிலம் நீளப் பிளந்து கிடப்பதைக் கண்டனர். புவியியல் வல்லுநர்கள் அதன் பின்னரே ஆய்வுக்கு வந்தனர். மேற்கண்ட மதிப்பெண் முறையில் பத்தில் ஒன்று மட்டுமே பெறும் நீர்தான், இங்கு நிலம் அசைந்ததை முதலில் தெரிவித்தது.