கடிகாரம் மாறிய கதை



பாரிட் புந்தாருக்கு அருகே ஒரு தோட்டத்து வீடு. பாட்டியின் டிரங்குப் பெட்டியில் ஒரு பழைய தாள் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் அவர் பிறந்த ஆண்டு 2603 என்றும், நேரம் காலை 7.45 என்றும் எழுதியிருக்கிறது. பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். ஆனால் தாள் பொய் சொல்லவில்லை. அதைப் படிக்க நமக்குக் கொஞ்சம் சரித்திரம் தெரிய வேண்டும்.

முதலில் ஆண்டைப் பார்ப்போம். ஜப்பானியர் மலாயாவை ஆண்டபோது தங்கள் நாட்டு ஆண்டுக் கணக்கையே இங்கும் புழக்கத்தில் விட்டார்கள். அது நம் ஆங்கில ஆண்டைவிட 660 கூடுதல். 2603இல் 660ஐக் கழித்தால் 1943. மாதமும் தேதியும் மாறுவதில்லை.

அடுத்தது நேரம். இதுதான் நீண்ட கதை.

சூரியன் ஒரு பாகையைக் கடக்க 4 நிமிடம் ஆகிறது. பாரிட் புந்தார் கிரீன்விச்சுக்குக் கிழக்கே ஏறத்தாழ 100½ பாகையில் இருக்கிறது. ஆகவே சூரியக் கணக்குப்படி நம் ஊர் நேரம் கிரீன்விச்சைவிட 6 மணி 42 நிமிடம் முந்தியது. ஆனால் ரயிலும் தந்தியும் ஊருக்கு ஊர் வேறு மணி பார்த்து ஓட முடியாது. அதனால் 1905 ஜூன் 1 முதல் மலாயாவுக்குப் பொதுவாக 7 மணி நேரம் முந்திய கணக்கு வந்தது. 1933இல் அதனுடன் 20 நிமிடம் சேர்ந்தது. 1941 செப்டம்பரில் மேலும் 10 நிமிடம் சேர்ந்து ஏழரை மணி ஆயிற்று. ஜப்பானியர் வந்ததும் கடிகாரங்கள் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பப்பட்டன. அது கிரீன்விச்சைவிட 9 மணி முந்தியது. 1945 செப்டம்பரில் அவர்கள் தோற்றுப் போன பின் பழைய ஏழரை மணிக் கணக்கு திரும்பியது.

கடைசி மாற்றம் பலருக்கு நினைவிருக்கும். 1981 டிசம்பர் 31 இரவு 11.30 மணிக்குத் தீபகற்பத்தின் கடிகாரங்கள் 12 ஆக்கப்பட்டன. சபா, சரவாக் மாநிலங்களோடு நாடு முழுவதும் ஒரே நேரம் இருக்க வேண்டும் என்பதே நோக்கம். அன்று முதல் நாம் 8 மணிக் கணக்கில் வாழ்கிறோம். அது போர்னியோவுக்கும் கிழக்கே உள்ள இடத்துச் சூரியனுக்குப் பொருந்தும் கணக்கு. அதனால்தான் நமக்கு விடியல் ஏழு மணியைத் தாண்டுகிறது. உச்சி வெயில் ஒரு மணிக்குப் பிறகு வருகிறது. பெரட்டுக்குப் போனவர்களுக்கு இது நன்றாகவே புரியும். மணியை ஆட்சி மாற்றலாம்; ஆனால் மரத்தில் பால் நன்றாக வடிவது குளிர்ந்த அதிகாலையில்தான்.

இப்போது பாட்டியின் 7.45க்கு வருவோம். இன்றைய கடிகாரத்தில் அந்நேரம் சூரியன் உதித்துவிடும். 1943இல் அதே 7.45 என்றால், சூரியக் கணக்கில் 5 மணி 27 நிமிடம், இன்னும் விடியவில்லை. நம் வழக்கப்படி நாள் சூரிய உதயத்தில்தான் தொடங்குகிறது. தாளில் வெள்ளிக்கிழமை என்றிருந்தால், பஞ்சாங்கக் கணக்கில் அவர் பிறந்தது வியாழக்கிழமை. ஜாதகம் கணிப்பவர் இதை அறியாவிட்டால், கிழமை தவறும். லக்கினமும் நட்சத்திரமும்கூட மாறிவிடக்கூடும்.

தேதியை எழுதும் முறையிலும் கவனம் தேவை. 3-4 என்று எழுதினால் நாம் ஏப்ரல் 3 என்போம். அமெரிக்கர் மார்ச் 4 என்பார். நம் அடையாளக் கார்டு எண்ணிலோ ஆண்டு முதலில், பிறகு மாதம், கடைசியில் நாள். 1982 ஏப்ரல் 3இல் பிறந்தவருக்கு அது 820403 என்று தொடங்கும்.

இக்காலக் கணினிகளும் இந்த வழியையே பின்பற்றுகின்றன. நேரத்தை உலகப் பொதுக் கணக்கில் ஒரே மாதிரி வைத்துக்கொண்டு, பார்ப்பவர் இருக்கும் ஊருக்கு ஏற்ப மாற்றிக் காட்டுகின்றன. மலாயாக் கடிகாரத்தின் பழைய மாற்றங்களும் அவற்றின் அட்டவணையில் உண்டு.

ஆகவே நேயர்களே, வீட்டுப் பெரியவர்களின் பிறப்பை எழுதி வைக்கும்போது மாதத்தை எழுத்தால் எழுதுங்கள். ஊரையும், எந்தக் காலத்து மணி என்பதையும் பக்கத்திலேயே குறியுங்கள். விவரம் சொல்லக்கூடியவர் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுவது நல்லது.