மெர்கோங் டயரும் கெடாவின் பால் மரமும்

கெடாவின் தலைநகரான அலோர் ஸ்டாரை ஒட்டிய மெர்கோங், ரப்பர் மரம் நிற்கும் ஊரன்று. அதைச் சூழ்ந்திருப்பது மூடா நீர்ப்பாசனத் திட்டத்தால் இருபோகம் கண்ட நெல் சமவெளி. பால் மரத் தோட்டங்கள் தெற்கே சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம், பாலிங் வட்டாரங்களின் மேட்டு நிலத்தில் விரிந்தன. ஆயினும் அந்தத் தோட்டங்களின் வரலாறு வந்து சேரும் இடங்களுள் மெர்கோங்கும் ஒன்று. ஏனெனில், நெடுங்காலம் கடல் கடந்து போய் டயராகத் திரும்பி வந்த ரப்பர், கெடா மண்ணிலேயே டயராக உருப்பெற்றது இங்குள்ள தொழிற்பேட்டையில்தான்.

பிரேசிலிலிருந்து 1876-இல் ஹென்றி விக்காம் கொண்டு சென்ற விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, மறு ஆண்டே 22 கன்றுகளாகச் சிங்கப்பூருக்கு வந்தன. 1888-இல் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றதும், அதன் பின் மோட்டார் வண்டி பெருகியதும், அந்தக் கன்றுகளின் வழித்தோன்றல்களுக்கு உலகச் சந்தையைத் திறந்தன. 1909-இல் சயாமின் மேலாண்மையிலிருந்து பிரிட்டிஷ் ஆதிக்கத்துக்கு மாறிய கெடாவில் தோட்டங்கள் வேகமாகப் பரவ, கங்காணிகள் வழியாகவும் பிற வழிகளிலும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆளெடுப்புக்கு, நின்று, நிரை பிடித்து, மங்கில் (பால் கிண்ணத்தில்) வடிந்த பாலைக் காண்டா வாளியில் தோள் நோகச் சுமந்தனர். அவர்கள் வெட்டிய பால் எந்தச் சக்கரத்தில் ஓடுகிறது என்பதைக் காணும் வாய்ப்பு அவர்களில் மிகப் பலருக்குக் கிட்டவில்லை. ரப்பர் வரலாற்றை விலை ஏற்ற இறக்கமாக மட்டும் எழுதுவோர் இதைக் கடந்துவிடுகின்றனர்.

விடுதலைக்குப் பின்னரே இந்நிலை மாறியது. 1960களின் முற்பகுதியில் பெட்டாலிங் ஜெயாவில் டன்லப்பும், 1970களில் ஷா ஆலமில் குட்இயரும் டயர் வார்க்கத் தொடங்கின. மெர்கோங் ஆலையும் இந்த வரிசையில் எழுந்ததே. 1910-இல் மலாக்காவில் தோட்ட நிர்வாக நிறுவனமாகப் பிறந்த சைம் டார்பியின் குழுமத்தில் ஒரு காலம் இருந்த அந்த ஆலையில், 2003-இல் ஜெர்மனியின் கான்டினென்டல் நிறுவனம் பெரும்பங்கு பெற்றது.

இடையில் மூலப்பொருளின் மதிப்பும் தலைகீழானது. மங்கிலேயே உறைந்து கிடக்கும் கட்டிப்பாலும், வெட்டுக்கோட்டில் ஒட்டிக் காயும் ஒட்டுப்பாலும் ஒரு காலத்தில் மட்டமான சரக்காகவே எண்ணப்பட்டன. புகையூட்டிய தாள் ரப்பருக்கே மதிப்பு. 1965-இல் மலேசியத் தர ரப்பர் என்னும் முறை வந்து, பார்வையால் அல்லாமல் ஆய்வுக்கூடச் சோதனையால் தரம் பிரிக்கத் தொடங்கியபின், கட்டிப்பாலை நொறுக்கி, கழுவி, உலர்த்திச் செய்யும் பாள ரப்பர் டயர் ஆலைகளின் முதன்மைச் சரக்காயிற்று. பாரம் ஏற்றும் டயருக்கு இயற்கை ரப்பர் கூடுதலாகத் தேவைப்படுகிறது. ஓட்டத்தில் அது செயற்கை ரப்பரைவிடக் குறைவாகவே சூடேறுவதும், எளிதில் கிழியாததும் காரணம்.

பிக்கப் வண்டிக்கு மாற்று டயர் தேர்ந்தெடுப்பவரின் கண்முன்னும் இவ்வரலாற்றின் ஒரு பகுதி டயரின் பக்கச் சுவரில் பொறிக்கப்பட்டுள்ளது. ‘195 ஆர் 14 சி, 8 பிஆர், 106/104’ என்னும் வரியில், 195 மில்லிமீட்டர் அகலம். 14 அங்குல விளிம்பு. ‘சி’ வணிகச் சுமைக்கு உரியது. ‘ஆர்’ ரேடியல் அமைப்பைக் குறிக்கும்; இழைகள் குறுக்கும் மறுக்குமாகச் சாய்ந்து பின்னிய பழைய டயருக்கு மாறாக, ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேராக ஓடும் இழைகளின் மேல் எஃகுப் பட்டை சுற்றிய இந்த அமைப்புக்கு மிஷலின் 1946-இல் காப்புரிமை கோரியது. ‘8 பிஆர்’ இன்னும் சுவையானது: பருத்தித் துணி அடுக்குகளை எண்ணி டயரின் வலிமையைச் சொன்ன காலத்தின் எச்சம் அது. வலிய இழைகள் வந்தபின் உண்மையான அடுக்குகள் குறைந்துவிட்டன; எண் மட்டும் நிலைத்துவிட்டது. இன்று துல்லியமாகப் பாரம் சொல்வது 106/104 என்னும் குறியீடே. ஒற்றைச் சக்கரமானால் ஒரு டயர் 950 கிலோ, இரட்டைச் சக்கரமானால் ஒவ்வொன்றும் 900 கிலோ தாங்கும்.

பால் மரங்கள் சாய்ந்து செம்பனை எழுந்த கெடாத் தோட்டங்களில் இந்த எண்களுக்குப் புதிய பொருள் வந்துள்ளது. பழக்குலைகளை நிறைத்துச் செம்மண் பாதையில் வரும் பிக்கப்புக்கு, வெட்டிப் போட்ட மட்டையின் முள் பக்கச் சுவரைத் துளைப்பதே பெரும் கேடு. ஆகவே மென்மையான சவாரி தரும் கார் டயரை விலை கருதி மாட்டுவது பொருந்தாத சிக்கனம். தேய்ந்த டயருக்குப் புதுப் பட்டை ஒட்டிய ‘செலுப்’ டயரும் சிலருக்கு மலிவு வழியாகத் தோன்றலாம். ஆனால் பழைய உடலின் காயத்தை வெளிப்பார்வை காட்டாததால், திசை திருப்பும் முன்சக்கரத்துக்கு அதைத் தவிர்ப்பதே அறிவுடைமை. புதியது வாங்குவோரும் நான்கு இலக்கத் தேதிக் குறியைப் படித்தல் வேண்டும்: ‘3518’ என்றால் 2018-ஆம் ஆண்டின் 35-ஆம் வாரத்தில் வார்த்தது என்று பொருள். அலமாரியில் கிடந்தாலும் ரப்பர் காற்றுபட்டு முதுமையடையும்.